இருநூறு பேப்பரும் ஒரு இடுப்பெலும்பும்

கம்பஸில் ஏதாவது கருத்தரங்கு நடந்தால் பேச்சாளரை அறிமுகப்படுத்துவதற்கென்றே ஒரு முறை இருக்கு. பெயர், பட்டம், எந்த நாட்டில் கலாநிதிப் பட்டம், அதுக்குப் பிறகு ஒரு எண். "சர்வதேச ஆய்விதழ்களில் 150 க்கும் மேற்பட்ட கட்டுரைகளை வெளியிட்டவர்." உடனே எல்லாரும் கை தட்டுவம். அந்த 150 இல் ஒன்றையாவது வாசிச்ச ஆள் மண்டபத்தில் இருக்கிறாரோ என்று யாரும் கேட்பதில்லை. அறிமுகப்படுத்தின ஆளே வாசிச்சிருக்க மாட்டார்.

கை தட்டின ஆக்களில் நானும் ஒருவன்தான். ஆனால் யப்பானிய நரம்பியல் வைத்தியர் ஒருவரின் கதையை வாசிச்சதில் இருந்து, அந்த எண்ணைக் கேட்கும்போது கை தானாக மேலே வருவதில்லை. அவர் பெயர் யொஷிஹிரோ சாட்டோ. 200 க்கும் மேற்பட்ட கட்டுரைகள். முதியோர் மருத்துவம், நரம்பியல், எலும்பு நோய் என்று மூன்று துறையிலும் பெயர் தெரிஞ்ச ஆள். இண்டைக்கு அதில் 100 க்கும் மேற்பட்ட கட்டுரைகள் மீளப்பெறப்பட்டிருக்கு. உலகிலேயே அதிக கட்டுரைகள் மீளப்பெறப்பட்ட ஆய்வாளர்களின் வரிசையில் அவர் முன்னுக்கு நிற்கிறார்.

"சரி, ஒரு ஆள் பொய் சொல்லிட்டார், பிடிச்சிட்டினம், முடிஞ்சுது" என்று கடந்து போகலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைச்சன். ஆனால் இது ஒரு பொய்யனின் கதை மட்டுமில்லை. வாசிக்காமலே எண்ணிக்கொண்டிருந்த எல்லாருக்கும் இதில் பங்கு இருக்கு.

முதலில், அவர் எடுத்துக்கொண்ட கேள்வி உண்மையிலேயே நல்ல கேள்வி. அதைச் சொல்லாமல் போனால் அநியாயம்.

எங்கட வீடுகளில் அம்மம்மாவோ அப்பப்பாவோ கிணத்தடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்ச கதை இல்லாத குடும்பம் குறைவு. விழ முதல் தானே கோயிலுக்கு நடந்து போன மனுசி, விழுந்த பிறகு கட்டிலோடு. பிறகு நெஞ்சில் சளி, படுக்கைப் புண், ஆஸ்பத்திரி. பல நாடுகளின் தரவுகளைப் பார்த்தால், இடுப்பெலும்பு முறிஞ்ச முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஒரு வருசத்துக்குள் இறந்து போகிறார். பாரிசவாதம், பார்க்கின்சன், அல்சைமர் வந்தவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூட. பாரிசவாதம் வந்த பக்கத்தை அசைக்காமல் விட்டால் அந்தப் பக்க எலும்பு மெலியும். வெளியில் போகாததால் வெயில் படாது, விற்றமின் டி குறையும். நடை தடுமாறும், விழுவினம். மெலிஞ்ச எலும்பு, அடிக்கடி விழுகை, இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வைத்தியர் தேவையில்லை.

ஆனால் இந்த நோயாளி யாருடைய ஆள்? நரம்பியல் வைத்தியர் மூளையைப் பார்ப்பார், எலும்பு தன்ர வேலை இல்லை என்று நினைப்பார். எலும்பு வைத்தியர் முறிவைப் பார்ப்பார், பாரிசவாதம் அவருடைய வேலை இல்லை. இரண்டு துறைக்கும் நடுவில் ஒரு இடைவெளி. சாட்டோ போய் இருந்தது அந்த இடைவெளியில்தான். ஃபுகுவோக்கா மாகாணத்தில் தகாவா என்கிற சின்ன நகரத்தின் வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்துகொண்டு, உலகத்தின் பெரிய ஆய்விதழ்களுக்கு எழுதினார். ஸ்ட்ரோக், நியூரோலஜி, போன், ஜாமா. யாருக்குத்தான் பிடிக்காது இப்படி ஒரு கதை?

இப்ப பட்டியலுக்குள் போவம்.

2005 ஆம் ஆண்டை மட்டும் எடுங்கோ. அந்த ஆண்டில் ஜாமாவில் ஒரு பரிசோதனை வந்தது. பாரிசவாதம் வந்த 628 முதியவர்கள். அரைவாசிப் பேருக்கு ஃபோலேற்றும் விற்றமின் பி12 உம், மற்ற அரைவாசிக்கு வெறும் மாத்திரை. இரண்டு வருச முடிவில், மருந்து எடுத்தவர்களில் 6 பேருக்கு இடுப்பெலும்பு முறிவு, எடுக்காதவர்களில் 27 பேருக்கு. அதே ஆண்டில் ரிசெட்ரோனேற் என்கிற எலும்பு மருந்தை வைத்து மூன்று பரிசோதனைகள். பாரிசவாதம் வந்த பெண்கள் 374 பேர், பாரிசவாதம் வந்த ஆண்கள் 280 பேர், அல்சைமர் உள்ள பெண்கள் 500 பேர். நாலையும் கூட்டினால் 1782 முதியவர்கள்.

ஒரு முதியவரை ஆய்வில் சேர்ப்பது என்றால் என்ன வேலை என்று யோசிச்சுப் பாருங்கோ. அவரிடமோ குடும்பத்திடமோ விளக்கிச் சம்மதம் வாங்க வேணும். இரத்தம் எடுக்க வேணும். எலும்பை அளக்க வேணும். மாதக்கணக்காக, வருசக்கணக்காக மாத்திரை குடிக்கினமோ என்று பார்க்க வேணும். விழுந்தால் எக்ஸ்ரே பார்க்க வேணும். மறதி நோய் உள்ள 500 பேரோடு இதைச் செய்ய வேணும். இதெல்லாவற்றையும் ஒரு சின்னக் குழு, ஒரே காலப்பகுதியில், நாலு தரம் சமாந்தரமாகச் செய்திருக்கு. இந்தக் கணக்கைப் போட மருத்துவம் படிச்சிருக்கத் தேவையில்லை. க.பொ.த. சாதாரண தரக் கணக்குக் காணும்.

இன்னொரு விசயம், எதைக் கொடுத்தாலும் வெற்றி. விற்றமின் டி கொடுத்தால் முறிவு குறையுது. விற்றமின் கே கொடுத்தால் குறையுது. ஃபோலேற் கொடுத்தால் குறையுது. ரிசெட்ரோனேற் கொடுத்தாலும் குறையுது. வெயிலில் கொண்டுபோய் இருத்தினால்கூட எலும்பு தேறுது. பிற்காலத்தில் அவருடைய பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது இடுப்பெலும்பு முறிவு 78 வீதம் குறைஞ்சதாக வந்தது. என்ன மருந்து என்பதே முக்கியமில்லை. வேறு ஆட்கள் செய்த பரிசோதனைகளில் இப்படி ஒரு பலன் எங்கேயும் இல்லை. அதோடு, இத்தனை நோய் உள்ள வயது போனவர்களில் இடையில் விலகியவர்களும் குறைவு, இறந்தவர்களும் குறைவு.

இதை முதலில் கவனிச்சவர்களில் ஒருவர் அலிசன் அவெனெல். ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழக ஆய்வாளர். 2006 அளவில், விற்றமின் டி முறிவுகளைத் தடுக்குமா என்று உலகில் வந்த பரிசோதனைகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மீளாய்வு செய்துகொண்டிருந்தார். அதாவது அவர் எண்ணுவதற்கு வரவில்லை, வாசிப்பதற்கு வந்தவர். சாட்டோவின் இரண்டு பரிசோதனைகள், ஒன்று பாரிசவாதம், மற்றது பார்க்கின்சன். மருந்து எடுத்த குழுவுக்கும் எடுக்காத குழுவுக்கும் உடல் திணிவுச் சுட்டியின் இடை அப்படியே ஒன்றாக இருந்தது. அதில் தொடங்கி மேலும் பார்க்கப் பார்க்க மேலும் வந்தது.

"இரண்டு குழுவும் ஒரே மாதிரி இருந்தால் நல்லதுதானே?" என்று கேட்கலாம். இதுதான் இந்தக் கதையின் மிக அழகான இடம். ஆட்களை எழுமாற்றாக இரண்டு குழுவாகப் பிரிச்சால் அவை கிட்டத்தட்ட ஒத்திருக்கும். ஆனால் முழுக்க முழுக்க ஒத்திருக்காது. சில நேரம் ஒரு குழுவில் வயது கொஞ்சம் கூடும், சில நேரம் மற்றதில் நிறை கூடும். ஒரு நாணயத்தை 100 தரம் சுண்டினால் 50 தலை, 50 பூ வரலாம். ஆனால் ஒருத்தர் வந்து "நான் 30 நாள் நாளுக்கு 100 தரம் சுண்டினன், ஒவ்வொரு நாளும் 50, 50 தான் வந்தது" என்று சொன்னால் அவர் நாணயத்தைச் சுண்டவே இல்லை, மேசையில் இருந்து எழுதினவர் என்று விளங்கும். உண்மையான தரவில் ஒரு குழப்பம் இருக்கும். கற்பனையால் எழுதப்பட்ட தரவு பெரும்பாலும் மிகச் சுத்தமாக இருக்கும்.

அவெனெலும், நியூசிலாந்தின் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் பொலண்ட், அன்ட்ரூ கிரே, கிறெக் கம்பிள் ஆகியோரும் சேர்ந்து சாட்டோவின் 33 பரிசோதனைகளை இந்த முறையில் அலசினார்கள். 1997 இல் இருந்து 2012 வரை வெளிவந்தவை. உண்மையிலேயே எழுமாற்றாகப் பிரிச்சிருந்தால் இப்படி ஒரு ஒற்றுமை வருவதற்கான நிகழ்தகவு என்ன? தசமப் புள்ளி போட்டு, 81 பூச்சியம் போட்டு, அதன் பிறகு ஒரு 5. வேறு குறைகளும் கூடவே வந்தன. ஒரு கட்டுரையின் தரவு இன்னொன்றில், ஒரே வசனங்கள் திரும்பத் திரும்ப, ஒழுக்கவியல் அனுமதி பற்றித் தெளிவில்லாத விபரங்கள்.

இனித்தான் எனக்குக் கோபம் வந்த பகுதி.

இந்தச் சந்தேகம் 2006 இல் ஒரு ஆளின் மனதில் மட்டும் இருந்ததில்லை. 2007 இல் ஜேர்மனியைச் சேர்ந்த சிலர், சாட்டோவின் கட்டுரை வந்த ஆய்விதழுக்கே கடிதம் எழுதினார்கள். இவ்வளவு நோயாளிகளை இவ்வளவு குறுகிய காலத்தில் எப்படிச் சேர்த்தீர்கள் என்று நேரடியாகவே கேட்டார்கள். சாட்டோ மன்னிப்புக் கேட்டு ஒரு பதில் எழுதினார். ஆய்வு உண்மையில் மூன்று வைத்தியசாலைகளில் நடந்தது, அவை தங்கள் பெயர் வருவதை விரும்பவில்லை என்பது அந்தப் பதில். கடிதமும் பதிலும் அச்சாகின. அத்தோடு விட்டுவிட்டார்கள். எந்த வைத்தியசாலைகள், அனுமதிக் கடிதம் எங்கே, மூலத் தரவைக் காட்டுங்கோ என்று ஆசிரியர் குழு விடாப்பிடியாகக் கேட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிஞ்சிருக்கும்.

அவெனெலும் மற்றவர்களும் தங்கள் அலசலை 2013 இல் ஜாமாவுக்கு அனுப்பினார்கள். ஜாமா அதைப் பிரசுரிக்கவில்லை. அந்த 628 பேரின் கட்டுரை மீளப்பெறப்பட்டது 2016 இல்தான். 33 பரிசோதனைகளின் அலசல் நியூரோலஜி இதழில் வந்ததும் 2016 இன் கடைசியில்தான். 2017 ஜனவரியில் சாட்டோ இறந்துபோனார். அவர் ஏன் இதைச் செய்தார் என்று அவரிடமே கேட்கிற வாய்ப்பு அதோடு போச்சு. கட்டுரைகள் மட்டும் ஒவ்வொன்றாக, வருசக்கணக்காக மீளப்பெறப்பட்டுக்கொண்டே இருந்தன.

இடைப்பட்ட பத்து வருசத்தில் அந்தக் கட்டுரைகள் சும்மா இருக்கவில்லை. ஒரு பரிசோதனை அச்சானால் அது மற்றவற்றோடு சேர்த்துத் தொகுக்கப்படும், அந்தத் தொகுப்பை வைத்து வைத்தியர்களுக்கான வழிகாட்டி எழுதப்படும், வழிகாட்டியைப் பார்த்து மருந்துச் சீட்டு எழுதப்படும். அடியில் ஒரு கல் பொய்யானால் மேலே இருக்கிறவருக்குத் தெரியாது. அவெனெல் குழு 2019 இல் பிஎம்ஜே ஓப்பன் இதழில் இந்தச் சங்கிலியைத் தேடிப் பார்த்து எழுதியது. மீளப்பெறப்பட்ட 12 பரிசோதனைகள் மட்டும் 1158 வெளியீடுகளில் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. அவற்றில் மீளாய்வுகள், வழிகாட்டிகள், புதிய பரிசோதனைகள் என 68 ஐ எடுத்து நுணுக்கமாகப் பார்த்தார்கள். சாட்டோவின் தரவை எடுத்துவிட்டால் 13 வழிகாட்டிகளினதும் மீளாய்வுகளினதும் முடிவு மாறக்கூடும். 2018 வரை திருத்தியதாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று.

இல்லாத நோயாளிகளின் பெயரால் இருக்கிற நோயாளிகளுக்கு மாத்திரை. அந்த முடிவுகளை நம்பி வேறு நாடுகளில் புதிய பரிசோதனைகள் தொடங்கினார்கள், அவற்றில் உண்மையான முதியவர்கள் இரத்தம் கொடுத்தார்கள், நேரம் கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய நட்டம் என்று நான் நினைப்பது, அந்த நல்ல கேள்வி கெட்டுப்போனது. "இதுக்கு ஏற்கனவே பதில் கிடைச்சிட்டுது" என்று எல்லாரும் நினைச்சுக்கொண்டிருந்த அந்த வருசங்களில், பாரிசவாதம் வந்த ஒரு அம்மம்மாவின் எலும்பைக் காப்பாற்ற உண்மையில் எது உதவும் என்று தேடியிருக்க வேண்டிய ஆட்கள் தேடாமல் விட்டிருப்பார்கள்.

ஏன் இவ்வளவு காலம் பிடிபடவில்லை? சாட்டோவின் கட்டுரைகள் பல துறைகளில் சிதறிக் கிடந்தன என்பது என்னுடைய விளக்கம். நரம்பியல் இதழின் மதிப்பாய்வாளர் எலும்பு முறிவுக் கணக்கைச் சந்தேகிக்க மாட்டார். எலும்பு இதழின் மதிப்பாய்வாளருக்கு 500 அல்சைமர் நோயாளிகளைச் சேர்ப்பது எவ்வளவு பாடு என்று தெரியாது. ஒவ்வொருத்தரும் ஒரு கட்டுரையைத்தான் பார்த்தார்கள். தனிய எடுத்தால் ஒவ்வொன்றும் நம்பக்கூடிய மாதிரித்தான் இருந்தது. பட்டியல் முழுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது பொய் என்று தெரியும். இரண்டு துறைக்கு நடுவில் நிற்பது ஒரு ஆய்வாளருக்குப் பெரிய பலம். ஒளிஞ்சிருக்கவும் அதுவே நல்ல இடம்.

இணை ஆசிரியர்கள் எங்கே போனார்கள் என்பது அடுத்த கேள்வி. கட்டுரைகளில் சாட்டோவின் பெயர் மட்டும் இருக்கவில்லை. பெயரைக் கொடுத்தவர்களின் பட்டியலும் கூடவே வளர்ந்தது. எண்ணிக்கைக்குப் பரிசு கொடுக்கிற இடத்தில், செய்யாத ஆய்வில் பெயர் வருவதை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. பிறகு பல்கலைக்கழகங்கள் விசாரணை நடத்தின, ஆளாளுக்குத் தங்கள் பங்குக் கட்டுரைகளை மட்டும். அந்த விசாரணை அறிக்கைகளே போதாதவை என்று கிரேயும் மற்றவர்களும் பிறகு தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டி வந்தது.

"அது யப்பான், அது ஒரு தனி ஆள்" என்று சொல்பவர்களுக்கு இன்னொரு உதாரணம். எலியேசர் மஸ்லியா, அமெரிக்கத் தேசிய முதுமை நிறுவகத்தின் நரம்பியல் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். ஏறத்தாழ 800 கட்டுரைகள். 2024 செப்டெம்பரில் அவருடைய 132 கட்டுரைகளில் சந்தேகத்துக்குரிய படங்கள் இருப்பதாக சயன்ஸ் இதழ் ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. அவற்றில் இரண்டு கட்டுரைகளில் ஆய்வு முறைகேடு நடந்திருக்கு என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகமே அறிவித்தது. இரண்டு என்பதும் 132 என்பதும் ஒன்றில்லை, அதைக் கலக்கக்கூடாது. ஆனால் அல்சைமருக்கும் பார்க்கின்சனுக்கும் யாருக்குக் காசு கொடுப்பது என்று முடிவெடுக்கிற கதிரைக்குப் பக்கத்தில் இருந்தவரின் பட்டியலையே யாரும் முழுசாக வாசிக்கவில்லை என்றால், பிரச்சினை ஒரு நாட்டிலோ ஒரு ஆளிலோ இல்லை.

இந்த இடத்தில் எனக்கே ஒரு தயக்கம் வருது. அதை மறைக்காமல் சொல்ல வேணும். "சின்ன நகரத்தில் இருக்கிற சின்ன வைத்தியசாலையால் இதைச் செய்ய முடியுமோ?" என்கிற கேள்வி ஆபத்தான கேள்வி. நாளைக்கு யாழ்ப்பாணத்தில் இருந்தோ மட்டக்களப்பில் இருந்தோ ஒரு பிள்ளை உண்மையாகவே ஒரு பெரிய ஆய்வைச் செய்து அனுப்பினால், அதே கேள்வி அவளையும் பார்த்து வரும். பெரிய ஊர்ப் பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரைக் கண்டால் கண்ணை மூடி நம்புவதும், சின்ன இடத்தின் பெயரைக் கண்டால் சந்தேகப்படுவதும் எங்களுக்குப் பழகின அநியாயம். மஸ்லியாவைப் பற்றிச் சொன்னதும் அதுக்காகத்தான். அவர் இருந்தது உலகத்தின் நடுவில்.

அவெனெல் எந்த ஊர் என்று கேட்கவில்லை. எண்களைத்தான் கேட்டார். அந்த வேறுபாட்டை நாங்கள் பிடிச்சுக்கொள்ள வேணும். ஆளைப் பார்த்துச் சந்தேகப்படத் தேவையில்லை. எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால் சரி. ஆய்வு தொடங்க முதல் பதிவு செய்யப்பட்டதோ? மூலத் தரவைக் காட்ட முடியுமோ? யார் என்ன வேலை செய்தது? நேர்மையான ஆளுக்கு இந்தக் கேள்விகளால் ஒரு நட்டமும் இல்லை. சின்ன இடத்தில் இருக்கிற நேர்மையான ஆளுக்கு உண்மையில் இதுதான் பாதுகாப்பு, ஏனென்றால் அவளிடம் காட்டுவதற்குப் பெரிய பெயர் இல்லை, தரவு இருக்கு.

இதில் எங்கட நாட்டில் நல்ல விசயம் ஒன்றும் இருக்கு. மருத்துவப் பரிசோதனைகளை முன்கூட்டியே பதிவு செய்வதற்கான இலங்கைப் பதிவேடு 2006 இலேயே தொடங்கப்பட்டது, உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரமும் அதுக்கு இருக்கு. என்ன மருந்து, எத்தனை பேர், எதை அளக்கப் போறம் என்று தொடங்க முதலே பகிரங்கமாக எழுதி வைக்க வேணும். பிறகு கதையை மாத்த ஏலாது. மருத்துவ பீடத்தில் படிக்கிற எத்தனை பேர் அந்தப் பதிவேட்டை ஒருக்கால் திறந்து பார்த்திருக்கிறம்?

மற்றப் பக்கம், எங்கட பல்கலைக்கழகங்களிலும் பதவி உயர்வு என்றால் கட்டுரைகளுக்குப் புள்ளி போட்டுக் கூட்டுகிற முறைதான். எதை எண்ணுறமோ அதுதான் பெருகும், இது பொருளாதாரம் படிச்சவைக்கும் தெரியும், கோழி வளர்க்கிறவைக்கும் தெரியும். இறுதியாண்டு ஆய்வை மூன்று துண்டாக உடைச்சு மூன்று பேப்பராக்குவதும், உதவி செய்யாத ஆளின் பெயரை மரியாதைக்காகச் சேர்ப்பதும் எங்கட மாணவர்களுக்குப் புதுசில்லை. "எல்லாரும் செய்யிறதுதானே" என்று சொல்லித்தான் அதைப் பழக்கிறம். இதைச் செய்கிற எல்லாரும் சாட்டோ ஆகப் போவதில்லை. ஆனால் சாட்டோ ஒளிஞ்சிருக்கக்கூடிய வீட்டை நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் கட்டுறம்.

மாற்றுவழி பற்றி உலகம் ஏற்கனவே நிறையக் கதைச்சிருக்கு. 2012 இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கின டோரா பிரகடனம் சொல்வது எளிமையானது. ஆய்வை அதன் உள்ளடக்கத்தை வைத்து மதிப்பிடுங்கோ, அது வந்த இதழின் எண்ணை வைத்து மதிப்பிடாதேங்கோ. என்னுடைய ஆசை இன்னும் சின்னது. பதவி உயர்வுக்கோ விருதுக்கோ விண்ணப்பிக்கிற ஒருவர், 150 ஐயும் அடுக்காமல், ஐந்தே ஐந்து கட்டுரைகளைத் தரட்டும். தெரிவுக் குழு அந்த ஐந்தையும் உண்மையாக வாசிக்கட்டும். அதில் தன்னுடைய பங்கு என்ன என்று அவர் நேரில் விளங்கப்படுத்தட்டும். அதோடு, அவெனெல் செய்த மாதிரி வேலைக்கும் ஒரு இடம் இருக்கட்டும். மற்றவரின் பிழையைக் கண்டுபிடிக்கப் பத்து வருசம் செலவழிச்ச ஆளுக்கு எங்கட புள்ளித் திட்டத்தில் என்ன கிடைக்கும்? அவருடைய உழைப்பால் எத்தனையோ வயது போன ஆக்கள் தேவையில்லாத மாத்திரையில் இருந்து தப்பியிருக்கலாம். பட்டியலில் அது ஒரு வரி.

குழு மாறும் வரைக்கும் நாங்கள் செய்யக்கூடியதும் இருக்கு. 2023 இல் இருந்து, மீளப்பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளம் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்திருக்கு. உங்கட இறுதியாண்டு ஆய்வின் உசாத்துணைப் பட்டியலை அதில் ஒருக்கால் போட்டுப் பாருங்கோ. ஒரு பின்னேரம் காணும். ஒரு கட்டுரையை மேற்கோள் காட்ட முதல் சுருக்கத்தோடு நிற்காமல் முதலாவது அட்டவணையைப் பாருங்கோ, எத்தனை பேர், எத்தனை மாதம், யார் சேர்த்தது. எந்த மருந்துக்கும் ஒரே மாதிரி வெற்றி வருகிற பட்டியலைக் கண்டால் கொஞ்சம் நில்லுங்கோ. உங்கட ஆய்வில் ஒன்றும் வரவில்லை என்றால் "ஒன்றும் வரவில்லை" என்றே எழுதுங்கோ. அதை எழுதினதுக்குப் புள்ளி குறைக்கிற மேற்பார்வையாளர் கிடைச்சால், சண்டை பிடிக்கத் தகுந்த காரணம் அதுதான்.

2012 குடிசன மதிப்பீட்டிலேயே இந்த நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 12.4 வீதம். பிள்ளைகள் வெளிநாட்டில், அம்மாவும் அப்பாவும் தனிய, மேசையில் மாத்திரை டப்பா. இதுதான் எங்கட பல வீடுகளின் படம். கிளினிக்கில் கொடுத்த ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால் ஒரு கட்டுரை இருக்கு, அந்தக் கட்டுரைக்குப் பின்னால் ஒரு பட்டியல் இருக்கு. அம்மம்மாவால் அதைப் போய் வாசிக்க ஏலாது. வைத்தியருக்கு நேரமில்லை. அடுத்த கருத்தரங்கில் "150 க்கும் மேற்பட்ட" என்று தொடங்கினால், கை தட்டுங்கோ, மரியாதைதானே. ஆனால் கேள்வி நேரம் வரும்போது ஒருத்தராவது எழும்பி, "சேர், அதில் ஒன்றை நான் வாசிச்சனான், அதைப் பற்றி ஒரு கேள்வி" என்று தொடங்குங்கோ.